ஊருணிப் பெத்தணன்

தண்ணீர் வரட்டும், வந்த சுவடு தெரியாமல் போகட்டும், அவ்வளவுதானே கேட்கிறோம், பெரிய வரமா கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பெத்தணன் கால்வாய்க் கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். காலை வெயில் முதுகில் இதமாக விழுந்தது. வயிற்றில் பழையது நிறைந்திருந்தது, அதுவும் நெல்லுச் சோற்றுப் பழையது. கம்பும் கேப்பையும் தின்று வளர்ந்த வயிறு இப்போது ஒருநாள் நெல்லுச் சோறு தவறினாலும் முணுமுணுக்கிறது, கொழுப்பைப் பார் என்று அதை அவனே தட்டிக்கொடுத்தான். பக்கத்தில் மண்வெட்டியும் கூடையும் கிடந்தன. அவனவன் வெட்டின பாகத்துக்கு அவனவனே காவல், தண்ணீர் தாண்டிப் போகிறவரை இடத்தைவிட்டு அசையக்கூடாது, கரை எங்காவது கசிந்தால் மண்ணைப் போட்டு மிதிக்கவேண்டும் என்று ஓவர்சியர் நயினார் நேற்றே சொல்லிவிட்டார். மேலே ஆற்றின் தலைமதகிலிருந்து கீழே நூல் மில்லின் சுவர்வரை கரை நெடுக ஆட்கள் காக்காய் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள். மில்லுக்குள் ஒரு குழியில் இரும்புச் சக்கரம் காத்துக்கொண்டிருக்கிறதாம், தேர்ச் சக்கரத்தைவிடப் பெரியதாம். ஆற்றுத் தண்ணீர் இந்தக் கால்வாய் வழியாக ஓடிப்போய் அதன்மேல் விழுந்தால் அது சுற்றுமாம், அது சுற்றினால் உள்ளே நூல் நூற்கும் கதிர்கள் எல்லாம் சுற்றிப் பஞ்சு நூலாகிவிடுமாம். தண்ணீருக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம் என்று பெத்தணனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகிறது, வெள்ளைக்காரன் பாடு, சக்கரத்தின் பாடு. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் பாகத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது. நிற்காமல் ஓடிவிட்டால் பெண்டாட்டி சடச்சிக்குப் பிள்ளை பெற ஓர் இடம் இருக்கும். நின்றுவிட்டால் நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறவேண்டும்.

நயினார் அப்படித்தான் சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் மேஸ்திரி வயிரவன் கூட்டத்தை மொத்தமாக மலைமேல் ஓட்டிக்கொண்டு போகிறான், அங்கே காப்பித் தோட்டத்துக்குச் சாலை வெட்டவேண்டும். ஒரே ஒரு குடும்பம் மட்டும் இங்கே இருக்கலாம், கால்வாய்க் காவலுக்கு. கரையில் ஆடுமாடு இறங்காமல் பார்க்கவும், எலி வளை பறித்தால் அடைக்கவும், செத்தை குப்பை வாரவும் ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளாக நான் இருந்துகொள்ளட்டுமா என்று பெத்தணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டபோது, அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியபடி, "இரு, ஆரு வேண்டாம்னா? ஆனா தண்ணி ஒன் பாகத்துல நிக்கப்படாதுல. அங்க தண்ணி நின்னுதுன்னா இங்க நீ நிக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வார்த்தை போகவில்லை, காதுக்குள்ளேயே கிடந்து புரள்கிறது. நிக்கப்படாது. நிற்பது என்பது ஒரு குற்றம் என்று பெத்தணன் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அவன் பிறந்த கரிசல் காட்டில் எதிரே வருகிறவனை நலம் விசாரிப்பதே, "ஒங்க ஊருணில தண்ணி நிக்கா?" என்றுதான். நிற்கிறது என்றால் நல்ல ஊர், பெண் கொடுப்பார்கள். நிற்கவில்லை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவன் அப்பனும் அப்பனுக்கு அப்பனும் மண்ணை வெட்டியதெல்லாம் தண்ணீரை நிறுத்துவதற்குத்தான். விழுகிற நாலு சொட்டு மழையை எப்படியாவது பிடித்து, நடுவில் கூட்டி, ஓடவிடாமல் உட்காரவைப்பது. ஓடுகிற தண்ணீர் என்றால் அவர்களுக்கு வீணான தண்ணீர். இங்கே வந்தால் ஓடுவதற்கென்றே பள்ளம் வெட்டுகிறார்கள், நின்றால் ஏசுகிறார்கள். உலகம் இவ்வளவு தலைகீழாக இருக்கும் என்று எவன் கண்டான்.

கையைக் குற்றம் சொல்ல முடியாது என்று அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. ஓட்டம் வரவேண்டும், மேலிருந்து கீழே ஒரே சீராகச் சரிவு இறங்கவேண்டும் என்று நயினார் கயிறு கட்டிக் காட்டத்தான் செய்தார். பெத்தணனும் கயிற்றைப் பார்த்துத்தான் வெட்டினான். ஆனால் வெட்ட வெட்ட மண்வெட்டி அதன் பாட்டுக்கு நடுப்பக்கம் சாய்ந்துகொண்டே போயிருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. நாலா பக்கமும் மெல்ல இறங்கி நடுவில் குழிந்து, தாம்பாளம் மாதிரி, வழுவழுவென்று. வெட்டி முடித்ததும் கரையேறி நின்று பார்த்தான், மனசுக்கு நிறைவாக இருந்தது, ஏன் நிறைவாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் மற்றவன் பாகமெல்லாம் வடிந்து ஈரமாகக் கிடக்க, பெத்தணன் பாகத்தில் மட்டும் தண்ணீர் கும்மென்று நிற்கிறது, தெளிந்து, ஆகாயம் தெரிய. கூட்டத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சடச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, ஓரத்தில் உட்கார்ந்து, தலையை அவிழ்த்துவிட்டுச் சாவகாசமாக அலசினாள். ஆற்றில் குளித்தால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குப் பயம், கரிசல்காட்டுக்காரிக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டால் ஆகாது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, ஜமீன்தார் ஊருணி வெட்டி ஊருக்குத் தானம் பண்ணினால் எப்படி நிற்பாரோ அப்படிப் பெத்தணன் கரையில் நின்றுகொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் நயினார் வந்தார். "ஏல, ஆரு வெட்டுன பாகம் இது?" என்று போட்ட சத்தத்தில் பெண்கள் குடத்தோடு ஒதுங்கினார்கள். பெத்தணன் ஒதுங்கினானா? வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்து, "நாந்தானய்யா" என்றான். "ஊருணியா வெட்டி வச்சிருக்க?" என்று கேட்டார் அவர். "ஆமாய்யா" என்றான் இவன், இன்னும் கொஞ்சம் சிரித்து. மேலே ஒரு சால்வை போர்த்துவார் என்று எதிர்பார்த்தான் போல. கரையில் நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அப்போதும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அன்று ஒட்டின பெயர்தான் ஊருணிப் பெத்தணன். இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. ஆமாய்யா என்றானாமே ஆமாய்யா என்று.

மேலே தலைமதகுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. பூசை ஆரம்பித்துவிட்டார்கள். தேங்காய் உடைத்து, மஞ்சள் தெளித்து, வெள்ளைக்காரத் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், பிறகு மதகுப் பலகையைத் தூக்குவார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. இறங்கி ஒருமுறை பார்த்துவிடலாமா என்று காலை எடுத்தான், வேண்டாம் என்று வைத்துக்கொண்டான், பிறகு இறங்கியே விட்டான். கால்வாயின் அடியில் நின்றால் காற்று அடங்கி மண் வாசனை ஏறுகிறது. குழியை நிரப்பு என்று அன்றைக்கே நயினார் சொல்லிவிட்டுப் போக, அந்தத் தாம்பாளத்தை நிரப்பியது அவனும் சடச்சியும்தான். சரளையை அடியில் போட்டு, புற்றுமண்ணைக் குழைத்து மேலே போட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இடித்துத் தோள்பட்டை கழன்றது. சடச்சி காலால் மிதித்தாள். நிறைமாதக்காரி மிதித்த மண் இறுகும் என்று யாரும் சொல்லவில்லை, அவனாகவே நினைத்துக்கொண்டான், நினைத்தால் என்ன தப்பு. இப்போது குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. கல்தான், நல்லா இறுகிப்போச்சு. ஆனாலும் போட்ட மண் போட்ட மண்தான், இருந்த மண் ஆகாது. பூமி தானாக இறுகியதை மனுஷன் இடித்து இறுக்க முடியுமா? கண்மாய்க் கரையில் போன வருஷம் போட்ட மண் இந்த வருஷம் மழையில் அமுங்கிப் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறவன் அவன். தண்ணீர் மேலே நிற்கும்வரை மண் சும்மா இருக்கும், உள்ளே இறங்க ஆரம்பித்தால் ஊறும், ஊறினால் பொதுக்கென்று போகும். போகாது. புற்றுமண் போட்டிருக்கிறது, போகாது. சரளையை இன்னும் ஒரு கூடை போட்டிருக்கலாமோ. போட்டதே அதிகம். அதிகம் போட்டால் மேடாகியிருக்கும், மேட்டைத் தட்டச் சொல்வார். தட்டியிருக்கலாமே, மேட்டைத் தட்டுவது லேசு. இப்போது நினைத்து என்ன. மறுபடியும் ஒரு மிதி மிதித்தான். கல்தான்.

"என்னடா, மிதிச்சு மிதிச்சே பாதாளத்துக்கு எறங்கிருவ போலுக்கே" என்று மேலிருந்து சத்தம் வந்தது. மேஸ்திரி வயிரவன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கரைமேல் நின்றான். கரிசலில் இருந்து இந்தக் கூட்டத்தைத் திரட்டிக் கூட்டிவந்தவன் அவன்தான், வாய் கோணல், மனசு அவ்வளவு கோணல் இல்லை.

"சும்மா பாத்தேண்ணே."

"பாரு, பாரு. மூட்டை கட்டிட்டியா? நாளைக்கு வெள்ளன கெளம்பணும்."

"நான் வரலைன்னு சொன்னேனே அண்ணே. ஓவர்சியரய்யா காவலுக்கு வச்சிக்கிடுறேன்னாரு."

"ஓட்டமா இருந்தாத்தான வச்சிக்கிடுவாரு? ஏலே ஊருணி, ஒன்ன மாதிரி மண்ணு வெட்ட நம்ம கூட்டத்துல ஆள் இல்ல, அதான் கூப்புடுதேன். மலைல நல்ல குளிர்ச்சி. புள்ளையத் தூளியில போட்டுத் தூக்கிட்டு வா, பெறகு என்ன?"

"இன்னும் பொறக்கலைண்ணே."

"பொறக்காமயா போயிரும்? வழில பொறக்கும்" என்று சொல்லிவிட்டு வயிரவன் அடுத்த பாகத்துக்காரனைக் கேலி பண்ணப் போய்விட்டான்.

வழியில் பிறக்கும். சாதாரணமாகத்தான் சொன்னான், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாததா. மூத்தது வழியில்தான் பிறந்தது, தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்தபோது. வழியிலேயே போய்விட்டது. ஓர் உடைமரத்தடியில் குழிவெட்டி வைத்துவிட்டு நடந்தார்கள். இளையவள் கொஞ்சம் நடக்கக்கூடப் பழகினாள், ரயில் பாதைக்கு மேடு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் காய்ச்சல் வந்தது, மேட்டின் சரிவிலேயே வைத்தார்கள். வேலை முடிந்து கூட்டம் நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள். சடச்சி ஊரைக் கூட்டி அழுகிறவள் இல்லை. ஒருநாள் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, "புள்ளைய வச்ச எடத்துக்கு ஒருவாட்டி திரும்பிப்போயி ஒரு சொம்பு தண்ணி ஊத்துனதில்லையே நாம" என்றாள். அதற்கு அவன் என்ன சொன்னான்? மண்கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது தெரியுமா? இப்போதும் தெரியாது. மலையில் விஷக்காய்ச்சல் உண்டு என்று ஆற்றங்கரைக்காரர்கள் சொல்கிறார்கள், குளிர்ச்சி என்று வயிரவன் சொல்கிறான், இரண்டும் ஒன்றுதானோ என்னவோ. பெத்தணன் கரையேறித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வேண்டாததை நினைப்பானேன். வெயில் நன்றாக இருக்கிறது. மலை உச்சியில் வெள்ளையாக மேகம் உட்கார்ந்திருக்கிறது, காலையில் வந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்காது, மேகத்துக்குக்கூட இந்த இடம் பிடித்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல இடம். வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்கள் இவர்களைப் பஞ்சத்து ஆட்கள் என்றுதான் சொல்வார்கள், கிணற்றடிக்குப் போனால் வாளியை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பெத்தணன் முதல்நாள் ஆற்றைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா என்று ஒருத்தனைக் கேட்டதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அவன் வயிறு உப்புகிறவரைக் குடித்தான். இப்போது மோர்க்காரி பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், கரையில் போகிற விவசாயி வெற்றிலை நீட்டுகிறான். சொந்த ஊர் ஞாபகம் வருகிறதா என்று ஒருவன் கேட்டான். வருகிறது என்று சொல்லவேண்டும் போல இருந்தது, அதுதான் மரியாதை. உண்மையில் வரவில்லை. வந்தால் என்ன வரும், வெடித்த கரிசலும் காய்ந்த ஊருணியும் வரும், அதை எதற்குக் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும். கூப்பிடு தூரத்தில் அதே கரையில், புங்கமரத்தடியில் அவன் குடிசை தெரிந்தது. சடச்சி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிமிர்ந்து கால்வாயைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை, கால்வாயைத்தான் பார்த்தாள். காவல் வேலை கிடைத்தால் குடிசைக்கு மண்சுவர் வைக்கலாம். இங்கே மண்ணுக்கா பஞ்சம், அவனுக்கா சுவர் வைக்கத் தெரியாது. புடலங்கொடி ஒன்று போடலாம். பிறக்கிற பிள்ளை காலையில் எழுந்து கண்ணைத் திறந்தால் நேற்றுப் பார்த்த அதே மரம் நிற்கும். அந்த நினைப்பு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையே இன்னொரு தரம் நினைத்துக்கொண்டான்.

வேட்டுச் சத்தம் கேட்டது. பலகையைத் தூக்கிவிட்டார்கள். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள், பெத்தணனும் எழுந்தான், தண்ணீருக்கு எதற்கடா பயப்படுகிறாய் என்று தன்னையே அதட்டிக்கொண்டான். சத்தம் முதலில் வந்தது, காய்ந்த சருகை யாரோ அள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. பிறகு எலி ஒன்று, பின்னாலேயே இன்னொன்று, வால் தெறிக்க ஓடிவந்து கரையேறின. அப்புறம்தான் தண்ணீர் தெரிந்தது. என்னவோ கரை நிறைய வரும் என்று நினைத்திருந்தான், வந்தது பார்த்தால் ஒரு சாண் உயரம், கறுப்பு நுரையும் தூசியும் வைக்கோலும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு சின்னக் குழியாக நின்று நிரப்பி நிரப்பி, வழி கேட்டுக் கேட்டு வருகிற அசலூர்க்காரன் மாதிரி வந்தது. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மேல் பாகத்தைத் தாண்டியது. அவன் பாகத்தின் விளிம்புக்கு வந்தது. தண்ணீர் நிற்கவில்லை. அவனும் சடச்சியும் மிதித்த இடத்தின்மேல் ஏறி, பரவி, ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்தப் பக்கம் இறங்கி, கீழ்ப் பாகத்துக்குள் போய்விட்டது. போய்விட்டது! கீழ்ப் பாகத்துக்காரன், "வந்துட்டுலே ஊருணித் தண்ணி" என்று கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள், பெத்தணனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் முட்டியது, இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம். பின்னாலேயே பெரிய தண்ணீர் வந்தது, முழங்காலளவு, இடுப்பளவு, கரை தொட்டுக்கொண்டு. எங்கோ கீழே மில் பக்கத்தில் ஓவென்று கூச்சல் எழுந்தது, சக்கரம் சுற்ற ஆரம்பித்திருக்கவேண்டும். வடக்குப் பக்கம் புடலை, தெற்குப் பக்கம் பாகல், வாசலில் ஒரு தொட்டி, பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம், ஆணாக இருந்தால் ஆற்றுப் பெயராக ஒன்று வைக்கலாம், ஆற்றுக்கு ஆண் பெயர் உண்டா, சடச்சியைக் கேட்கவேண்டும், அவள் ஏதாவது ஒன்று வைத்திருப்பாள், சொல்லமாட்டாள், கேட்டால்தான் சொல்வாள். அப்படியே நினைத்துக்கொண்டு போனபோதுதான் அந்தப் புங்க இலையைப் பார்த்தான்.

மேலிருந்து மிதந்து வந்த இலை, மற்ற இலைகள் போகிற மாதிரிக் கீழே போகாமல், அவன் பாகத்தின் நடுவில் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. காற்றாக இருக்கும். மறுபடியும் ஒரு சுற்று. இன்னோர் இலை வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. காற்றுத்தான், வேறு என்ன. ஒரு வைக்கோல் துரும்பு வந்தது, அதுவும் போகவில்லை. அடியிலிருந்து குபுக்கென்று ஒரு குமிழி எழுந்தது, பழுப்பாக, புற்றுமண் நிறத்தில். போட்ட மண் ஊற ஆரம்பித்துவிட்டது. போ, போ என்று வாய்க்குள் சொன்னான், கையால் விரட்டினான், இலைகள் அசையாமல், அசையாமல் என்ன, சுற்றிக்கொண்டே இருந்தன. எதிர்க்கரையில் குடை ஒன்று வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்க்காமல் போகட்டும், மில்லில் சக்கரம் சுற்றுகிறதே, அதைப் பார்க்க ஓடட்டும், ஓவர்சியருக்கு இலையைப் பார்க்கவா நேரம். குடை நின்றது. நயினார் குனிந்து பார்த்தார். பிறகு கூட வந்த ஆளிடமிருந்து மூங்கில் கழியை வாங்கி மேல் பாகத்தில் விட்டுப் பார்த்தார், கீழ்ப் பாகத்தில் விட்டுப் பார்த்தார், கடைசியில் நடுவில் விட்டார். கழி இறங்கியது. நின்றிருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் இறங்கியது. அவர் நிமிர்ந்து பெத்தணனைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துபோயிற்று. சடச்சியிடம் போய் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பது மட்டும்தான் அப்போது அவனுக்கு ஓடியது. வழியில் பிறக்கும், வழியில் பிறக்கும் என்று வயிரவன் குரல் உள்ளே சுற்றியது.

"ஏல!" என்றார் நயினார். அக்கரையிலிருந்து போட்ட சத்தம் இக்கரை மரத்தில் இருந்த கொக்கை எழுப்பிவிட்டது. "மறுபடியும் ஊருணியா வெட்டிட்டியால? நெறப்புன்னு சொன்னா மேல பூசி மெழுகிருக்கியால? அப்பன் பாட்டன் காலத்துலருந்து கொளம் வெட்டியே பழகுன கைய ஒடச்சித்தாம்ல போடணும்!"

பெத்தணன் தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டான். "தப்புத்தானய்யா" என்றான். குரல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ.

"தப்புத்தானாம்! இப்பத் தண்ணிய நிறுத்துங்கன்னு நான் போயி தொரைகிட்டச் சொல்லவா? சக்கரம் சுத்துது, அவரு சிரிச்சிக்கிட்டு நிக்காரு. ஆத்துல வார மண்ணு பூராவும் இனிமே இந்தக் குழியிலதாம்ல வந்து தங்கும். வருசா வருசம் தண்ணிய அடைச்சி இத வாரணும். ஆரு வாருவா? ஒங்க மேஸ்திரி மலைலருந்து எறங்கி வந்து வாருவானா? நான் வாருவனா?" கழியைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினார். "நீதாம்ல வாரணும்! வெட்டுனவன் நீ, நீயே வாரு. சாவுற மட்டும் இங்கனயே கெடந்து வாரு! மலை கூப்புட்டுது, மேஸ்திரி கூப்புட்டாம்னு இந்த எடத்த விட்டு ஓரடி நகந்தியோ, கால ஒடிச்சி இந்தக் குழிக்குள்ளயே போட்டுருவேன், ஆமா!"

பெத்தணனுக்கு முதலில் ஏசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. வார்த்தை ஒன்றொன்றாகப் பின்னால் வந்து சேர்ந்தது. இங்கனயே. சாவுற மட்டும். நகந்தியோ. அவன் மெல்ல நிமிர்ந்து, நிமிர்ந்தது தப்பு என்று உடனே குனிந்துகொண்டான், ஏனென்றால் முகம் அவன் சொன்னபடி கேட்கவில்லை. அன்றைக்குச் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்து மாட்டிக்கொண்டது போதும், இன்றைக்கும் பல்லைக் காட்டினால் இந்த மனுஷன் தண்டனையை மாற்றிவிடுவார். உதட்டைக் கடித்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, நயினார் குரலைத் தணித்து, "சரி சரி, போ. போயி ஆகுற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு மில்லைப் பார்க்க நடந்தார். "சரிங்கய்யா" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னான் பெத்தணன். இலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றுங்கள், நன்றாகச் சுற்றுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

திரும்பிப் பார்த்தால் புங்கமரத்தடியில் சடச்சி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஓவர்சியர் கழியை நீட்டியதையும் இவன் தலை குனிந்ததையும் தோள் குலுங்கியதையும் அங்கிருந்தே பார்த்துவிட்டாள், பேச்சு மட்டும் தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. குடிசைக்கு முன்னால் போய், கையை உயர்த்தி, கூரை ஓலையை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட ஆரம்பித்தாள். கூட்டம் கிளம்பும்போது பெண்கள் செய்கிற முதல் வேலை அது, ஓலையை அடுக்கிக் கட்டித்தான் மற்றதைத் தொடுவார்கள். உருவிவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள், மறுபடியும் உருவினாள். பெத்தணன் ஓடினான். பாதித் தூரத்தில் செருமிக்கொண்டு நடந்தான், பிறகு மறுபடியும் ஓடினான். அவன் வந்து நின்றபோதும் அவள் திரும்பவில்லை, பாதிக் கூரை காலியாகி உள்ளே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"மலைக்குத்தான?" என்றாள்.

"இல்ல."

"பெறகு எங்க? இன்னும் தூரமா?"

பக்குவமாகச் சொல்லவேண்டும், முதலில் உட்காரவைத்துவிட்டுச் சொல்லவேண்டும் என்றெல்லாம் ஓடிவரும்போது நினைத்திருந்தான். வாயைத் திறந்தால் சிரிப்பும் மூச்சும் சேர்ந்து இடித்தன. "சாவுற மட்டும் இங்கனயே கெடந்து குழிய வாரணுமாம். வேற எங்கயாவது போனா கால ஒடிச்சிருவாராம்."

சடச்சி கையில் ஓலையோடு திரும்பினாள். அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று, இந்த மாதிரி விஷயத்தில் அவன் விளையாடமாட்டான் என்பது தெரிந்தும் பார்த்தாள். பிறகு மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயிற்றை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, மெள்ளத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்லா ஏசுனாரா?"

"நல்லா ஏசுனாரு. ஊரே கேட்டிருக்கும்."

"சரி" என்றாள் சடச்சி. மூக்கை உறிஞ்சிவிட்டு, கீழே கிடந்த ஓலைகளைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "இதத் தூக்கி மேல போடும். வெயிலு மூஞ்சில அடிக்கி."